காண்ட்ராக்ட் பியரா? முதலில் கேனைக் கவிழ்த்துப் பாருங்கள்

குன்னூரில் ஆறு வருடம் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்தேன். நீளமான மேசை, வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள், ஒவ்வொரு கிண்ணத்தின் முன்னாலும் ஒரு சீட்டு. ஃபேக்டரி பெயர், ரகம், லாட் எண் மூன்றும் அதில் இருக்கும். சீட்டு இல்லாத கிண்ணத்தை எங்கள் மூத்தவர் தொடவே மாட்டார். "எந்த லாட்டுன்னு தெரியாம என்னத்த சொல்றது?" என்பார். நீலகிரியில் பல ஃபேக்டரிகளுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித்தான் ஓடுகின்றன. இலை ஒருவருடையது, எந்திரம் வேறொருவருடையது, பாக்கெட்டின் மேல் இருக்கும் பெயர் மூன்றாமவருடையது. கிண்ணத்தில் ஒரு குறை தெரிந்தால் அது எந்தக் கையில் வந்திருக்கும் என்று தேடும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

டொராண்டோ வந்து ஸ்கார்பரோவில் குடியேறிய பிறகு சிறு ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பியர் மேல் ஈடுபாடு வந்தது. எட்டு வருடமாக நோட்டு வைத்துக் குறித்து வருகிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது காண்ட்ராக்ட் பியர்கள். பெயரும் செய்முறையும் ஒரு கம்பெனியுடையது. காய்ச்சி, கேனில் அடைத்துக் கொடுப்பது இன்னொரு ப்ரூவரி, அதாவது பியர் ஆலை. இந்த வகைப் பியரைப் பற்றி எழுதுகிறவர்களில் நிறையப் பேர் லேபிளில் இருக்கும் கம்பெனியை மட்டும் வைத்து எழுதிவிடுகிறார்கள். எந்த டேங்கில் காய்ச்சியது, எப்போது அடைத்தது என்ற இரண்டும் தெரியாமல் எழுதும் விமர்சனம் சீட்டு இல்லாத கிண்ணம் போலத்தான். அந்த இரண்டையும் எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்த பிறகு எப்படி ருசித்து எழுதுவது என்று நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

ஒன்டாரியோவில் மது வாங்க 19 வயது ஆகியிருக்க வேண்டும். கியூபெக், ஆல்பர்ட்டா, மானிட்டோபாவில் 18. கனடாவில் ஒரு அளவு மது என்று கணக்கிடுவது 5 சதவீத பியர் 341 மில்லி. கிராஃப்ட் பியர் பெரும்பாலும் 473 மில்லி கேனில் வருகிறது. டபுள் ஐபிஏ என்ற வீரியமான வகை, 8 சதவீதத்தில் ஒரு கேன் என்றால் அது இரண்டு அளவுக்கும் மேல். அதனால் ருசி பார்க்கும் நாளில் ஒரு கேனை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், வீடு திரும்ப டொராண்டோவின் டிடிசி பஸ்ஸை நம்புங்கள்.

பிறர் டேங்கில் ஏன் காய்ச்சுகிறார்கள்

காண்ட்ராக்ட் என்றாலே ஏதோ குறைந்த சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. ஸ்டீல் டேங்க், கொதிகலன், கேன் அடைக்கும் வரிசை, கட்டடம் எல்லாவற்றுக்கும் பெரிய முதல் வேண்டும். கையில் நல்ல செய்முறை மட்டும் இருக்கிறவர், டேங்க் காலியாகக் கிடக்கும் ப்ரூவரியைத் தேடிப் போகிறார். இருவருக்கும் லாபம். டொராண்டோவின் லெஃப்ட் ஃபீல்டு 2013இல் இப்படித்தான் பிறர் ப்ரூவரியில் தொடங்கியது. ஈஃபஸ் என்ற ஓட்ஸ் சேர்த்த பிரவுன் ஏல் வகைப் பியர் அவர்களுடையது. 2015இல் கிழக்கு டொராண்டோவில் வாக்ஸ்டாஃப் டிரைவில் சொந்த இடம் திறந்தார்கள். கேனில் ஓவியர்களின் படங்களைப் போடும் கலெக்டிவ் ஆர்ட்ஸும் 2013இல் பர்லிங்டனின் நிக்கல் புரூக்கில் காய்ச்சித் தொடங்கி, பிறகு ஹாமில்டனில் பழைய லேக்போர்ட் ப்ரூவரிக் கட்டடத்துக்குப் போனது. அன்னாசி சேர்த்த ஹவாயன் ஸ்டைல் பேல் ஏலால் பெயர் வாங்கிய ஸ்பியர்ஹெட், எட்டோபிகோவில் உள்ள கூல் ப்ரூவரியில் பல வருடம் காய்ச்சிய பிறகுதான் கிங்ஸ்டனில் சொந்த ப்ரூவரி கட்டியது.

இன்னொரு பக்கம், பிறருக்காகக் காய்ச்சுவதையே முக்கியத் தொழிலாக வைத்தவர்களும் இருக்கிறார்கள். டொராண்டோவில் 2016இல் தொடங்கிய பிரன்ஸ்விக் பியர்வொர்க்ஸ், வான்கூவரின் ஃபேக்டரி ப்ரூயிங் இரண்டும் அந்த வகை. 1984இல் பிரிக் என்ற பெயரில் தொடங்கிய வாட்டர்லூ ப்ரூயிங், சொந்தப் பியரோடு பிறர் பானங்களை அடைத்துக் கொடுப்பதையும் பெரிய வருமானமாக வைத்திருந்தது. 2023இல் கார்ல்ஸ்பெர்க் அதை வாங்கியது.

இதில் மூன்று விதம் இருக்கிறது. முதல் விதத்தில், பெயருக்குச் சொந்தக்காரரின் ஆள் காய்ச்சும் நாளில் நேரில் வந்து நிற்பார். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கொட்டுவதிலிருந்து ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ) போடுவது வரை அவர் கண்முன் நடக்கும். இரண்டாவதில், செய்முறை மின்னஞ்சலில் போகும், காய்ச்சுவது முழுக்க ப்ரூவரியின் ஆட்கள். மூன்றாவதில் செய்முறையே ப்ரூவரியுடையது, லேபிள் மட்டும் புதிது. முதல் இரண்டையும் நான் மகிழ்ச்சியோடு எழுதுவேன். மூன்றாவதைப் புதுப் பியர் என்று எழுதுவதில்லை. இது இன்ன ப்ரூவரியின் பியர் என்று தெரிந்தால் அந்தப் பெயரில்தான் எழுதுவேன். வாசிப்பவர் ஒரே பியருக்கு இரண்டு முறை காசு கொடுக்கக் கூடாது.

கம்பெனி யாருடையது என்ற கேள்வி வேறு, எங்கே காய்ச்சியது என்ற கேள்வி வேறு. கிரீமோர் ஸ்பிரிங்ஸ் ப்ரூவரியை 2005இல் மோல்சன் என்ற பெரிய பியர் கம்பெனி வாங்கியது, மில் ஸ்டிரீட் ப்ரூவரியை 2015இல் இன்னொரு பெரிய கம்பெனியான லபாட் வாங்கியது. இவை விற்கப்பட்ட ப்ரூவரிகள், காண்ட்ராக்ட் அல்ல. விமர்சனத்தில் இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள்.

டேங்க் யாருடையது

கேனைக் கையில் எடுத்ததும் சின்ன எழுத்தைப் படியுங்கள். "ப்ரூட் பை" என்று இருந்தால் அந்தக் கம்பெனியே காய்ச்சியது. "ப்ரூட் ஃபார்" என்று இருந்தால், அதாவது பிரெஞ்சில் "பிராசே பூர்", யாரோ அவர்களுக்காகக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள். சில கேனில் "இன்ன ஊரில், இன்ன ப்ரூவரியில்" என்று முழுதாகவே போட்டிருப்பார்கள். அப்படிப் போடுகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

எல்லோரும் போடுவதில்லை. கனடாவின் லேபிள் விதிப்படி, பொருளைச் செய்தவர் அல்லது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர், இவர்களில் ஒருவரின் பெயரும் முகவரியும் இருந்தால் போதும். அதனால் முகவரியை எடுத்து இணைய வரைபடத்தில் தேடுங்கள். தெருக் காட்சியில் தானிய சைலோவும் லாரி ஏறும் கதவும் தெரிகிறதா, இல்லை ஒரு காண்டோவின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின், பத்தாவது மாடியா? காண்டோவில் ஐயாயிரம் லிட்டர் காய்ச்ச முடியாது. அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடை அடிப்பக்கத்தில் இருக்கும். கேனைக் கவிழ்த்தால் மையில் அடித்த தேதியோ எண்ணோ தெரியும். அந்த எண்களின் அமைப்பு, புள்ளி புள்ளியான எழுத்து, நேரம் எழுதும் விதம் எல்லாம் கேன் அடைக்கும் வரிசையைப் பொறுத்தது, கம்பெனியைப் பொறுத்தது அல்ல. நான் அடிப்பக்கங்களைப் படம் எடுத்துச் சேர்த்து வைக்கிறேன். சம்பந்தமே இல்லாத நான்கு கம்பெனிகளின் கேனில் ஒரே மாதிரி குறியீடு வந்தால், அவை ஒரே இடத்தில் அடைக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுவேன். சந்தேகத்தை அப்படியே எழுதிவிட மாட்டேன். கம்பெனிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுவேன்: "இந்தக் கேனை எங்கே காய்ச்சினீர்கள்?" பெரும்பாலும் மறுநாளே பதில் வந்துவிடுகிறது. சின்னக் கம்பெனிகள் இந்தக் கேள்வியைச் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. பதில் வராவிட்டால் "காய்ச்சிய இடம் உறுதியாகவில்லை" என்று எழுதிவிடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

காண்ட்ராக்ட் பியருக்குத் தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொந்த ப்ரூவரி வைத்திருப்பவர் வாசலிலேயே கடை வைத்திருப்பார். நேற்று அடைத்த கேனை இன்று வாங்கலாம். பிறர் டேங்கில் காய்ச்சுகிறவருக்கு அந்த வாசல் பெரும்பாலும் கிடையாது. அவருடைய பியர் கிடங்குக்குப் போய், லாரி ஏறி, கடை அலமாரியில் நின்று உங்கள் கைக்கு வருகிறது.

அளவும் அவர் கையில் இல்லை. டேங்க் எவ்வளவோ அவ்வளவு காய்ச்சியாக வேண்டும். 50 ஹெக்டோலிட்டர் டேங்க் என்றால் 5000 லிட்டர். 473 மில்லி கேனில் அடைத்தால் சுமார் 10,500 கேன். புதிதாகத் தொடங்கிய ஒருவர் அதை விற்று முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஐபிஏவின் ஹாப்ஸ் வாசனை அதுவரை காத்திருக்காது.

பியர் வியாபாரத்தில் 3-30-300 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 32 டிகிரி வெப்பத்தில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், இந்த மூன்றும் பியரை ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பழையதாக்கும். ஜூலை மாதம் கார் டிக்கியில் ஒரு வார இறுதி முழுக்கக் கிடந்த கேனுக்கு என்ன ஆகும் என்று இதிலிருந்து தெரியும். ஒன்டாரியோ அரசின் எல்சிபிஓ மதுக்கடைகள் சிலவற்றில் குளிர் அறை இருக்கிறது. பலவற்றில் தனிக் கேன்கள் வெறும் அலமாரியில் நிற்கின்றன. ஒன்டாரியோவில் 2015 டிசம்பரிலிருந்து மளிகைக் கடைகளிலும், 2024 செப்டம்பரிலிருந்து முனைக்கடைகளிலும் பியர் கிடைக்கிறது. வாங்குவது சுலபமாகிவிட்டது. ஆனால் ஒரே பியர் ஒரு கடையில் குளிராகவும் அடுத்த தெருக் கடையில் ஜன்னல் வெயிலிலும் இருக்கும். எங்கே வாங்கினீர்கள், குளிர்ப்பெட்டியிலா அலமாரியிலா என்பதைக் கடையில் நிற்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

தேதியைப் படிக்கவும் பழக வேண்டும். கனடாவில் 90 நாளுக்கு மேல் தாங்கும் உணவுக்குத் தேதி கட்டாயம் இல்லை, அதனால் பியரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். அடைத்த தேதியா, "இதற்குள் குடிக்கவும்" தேதியா என்று முதலில் பாருங்கள். மூன்று இலக்கம் தனியாக நின்றால் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதாக இருக்கலாம். 245 என்றால் செப்டம்பர் 2. ஐபிஏ, பேல் ஏல் என்றால் அடைத்து ஆறு வாரத்துக்குள் இருப்பதைத்தான் விமர்சனத்துக்கு எடுப்பேன். லேசான, தெளிந்த வகையான லாகருக்கு மூன்று மாதம் வரை போவேன். கருத்த, கனமான இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு இந்த அவசரம் இல்லை.

முடிந்தால் இரண்டு கேன் வாங்குங்கள், இரண்டு கடையில், இரண்டு வேறு தேதியில். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஊற்றுவதும் முகர்வதும்

கண்ணாடி டம்ளர் சுத்தமாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் எந்திரத்தில் எண்ணெய்ச் சட்டிகளோடு கழுவியது வேண்டாம். டம்ளரைத் தண்ணீரில் முக்கி எடுங்கள்; தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம், திட்டுத் திட்டாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இருந்தால் நுரை நிற்காது, நீங்கள் பியரைக் குறை சொல்வீர்கள்.

லாகர் 5 டிகிரி, பேல் ஏலும் ஐபிஏவும் 8 டிகிரி, ஸ்டவுட் 12 டிகிரி அளவில் நன்றாகப் பேசும். வெப்பமானி இல்லாவிட்டால் பரவாயில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து லாகரை உடனே ஊற்றுங்கள், ஸ்டவுட்டை இருபது நிமிடம் வெளியே வையுங்கள். ஒரே டம்ளரை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு மெதுவாகக் குடிப்பது நல்ல வழி. குளிரில் மறைந்திருக்கும் குறைகள் சூடு ஏற ஏற வெளியே வரும்.

ருசி பார்ப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் காரமாக எதுவும் சாப்பிடாதீர்கள். மட்டன் ரோல்ஸ் சாப்பிட்ட வாய்க்கு எல்லா ஐபிஏவும் கசப்பாகவும் எரிச்சலாகவும்தான் இருக்கும். வெறும் பிரெட், தண்ணீர் போதும். லேசானதிலிருந்து கனமானதற்குப் போங்கள்.

ஊற்றியவுடன் முகருங்கள், குடிக்க அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு முகர்தலில் கிடைப்பதுதான் உண்மையான வாசனை. அதற்குப் பிறகு மூக்கு பழகிவிடும். பழகிவிட்டால் உங்கள் முழங்கையை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். தேயிலை மேசையில் கற்ற வழி இது, பியருக்கும் வேலை செய்கிறது.

கிடைத்த வாசனையை உங்கள் சமையலறையிலிருந்து சொல்லுங்கள். நான் இதில் பிடிவாதக்காரன். சிட்ரா என்ற ஹாப்ஸ் ரகம் என்றால் "வெப்பமண்டலப் பழங்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைப் படித்து யாருக்கும் எதுவும் மணக்காது. காம்பு முறித்த மாங்காயின் பால் வாசனையா, கனிந்த பங்கனபள்ளியா, கொய்யாவா? கிரேப்ஃப்ரூட் என்று எழுதும் இடத்தில் எனக்குப் பம்பளிமாஸ் தோல்தான் நினைவுக்கு வருகிறது. மால்ட்டில் ரஸ்க், வறுத்த வேர்க்கடலை, கருப்பட்டிப் பாகு, தீய்ந்த காப்பிக்கொட்டை என்று எவ்வளவோ உண்டு. கோதுமை பியரில் வரும் வாழைப்பழமும் கிராம்பும் ஈஸ்ட் தருவது. அங்கே நேந்திரமா ரஸ்தாளியா என்றுகூட எழுதலாம், தமிழில் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

குறைகளைப் பிடிக்கப் பழகுதல்

காண்ட்ராக்ட் பியரில் டேங்க் வாடகை மாதிரிதான். அடுத்த கம்பெனியின் பியர் காத்திருக்கும்போது, இன்னும் இரண்டு நாள் முதிர வேண்டியதைச் சீக்கிரம் எடுத்துவிடும் ஆசை வரும். அதன் அடையாளங்கள் இரண்டு. ஒன்று டையசிடைல்: தியேட்டர் பாப்கார்னின் வெண்ணெய் வாசனை, நாக்கில் லேசாக எண்ணெய் தடவியது போன்ற வழுவழுப்பு. இன்னொன்று அசிட்டால்டிஹைடு: பச்சை ஆப்பிள் தோல், சில சமயம் புதுப் பெயின்ட். ஈஸ்டுக்கு நேரம் கொடுத்தால் அது இரண்டையும் பெருமளவு தானே சரிசெய்துவிடும்.

டையசிடைலுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் பியரை இரண்டு ஜாம் பாட்டிலில் ஊற்றிக் கலக்கி வாயுவைப் போக்குங்கள். இரண்டையும் அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்துங்கள், மற்றதை வெளியே வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே சூட்டுக்கு ஆறவிட்டு முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால், டையசிடைலாக மாறக்கூடிய பொருள் பியரில் இன்னும் மிச்சம் இருக்கிறது. டேங்கிலிருந்து சீக்கிரம் இறங்கியது என்று பொருள். ப்ரூவரிகளிலும் இதே சோதனையைச் செய்கிறார்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது பிராணவாயு வேலை. கேன் அடைக்கும்போது காற்று புகுந்திருக்கும், அல்லது வெயிலில் பழசாகியிருக்கும். மங்கலான நியூ இங்கிலாந்து வகை ஐபிஏவில் இது நிறமாகவும் தெரியும்: ஆரஞ்சுச் சாறு போல இருக்க வேண்டியது சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். வேகவைத்த சோள வாசனைக்குக் காரணம் டிஎம்எஸ் என்ற பொருள். வெளிர் மால்ட் நன்றாகக் கொதிக்காததாலோ மெதுவாகக் குளிர்ந்ததாலோ வருவது. லாகரில் ஒரு துளி இருந்தால் நான் குறையாக எடுப்பதில்லை. பழைய சீஸ் வாசனை பழைய ஹாப்ஸ்.

ஸ்கங்க் என்ற நாற்றமடிக்கும் விலங்கின் வாசனையை ஸ்கார்பரோவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோடை இரவில் ஜன்னலைத் திறந்தால் தெருவிலிருந்து வரும். ஹாப்ஸில் வெளிச்சம் பட்டால் அதே வகை வாசனை பியரிலும் வந்துவிடும். கேனுக்குள் வெளிச்சம் போகாது. அதனால் கேன் பியரில் ஸ்கங்க் அடித்தால் உங்கள் டம்ளர் வெயிலில் இருந்ததா என்று பாருங்கள். மொட்டை வெயிலில் சில நிமிடமே போதும். நிறமற்ற பாட்டில் லாகர் ஒன்றை வேண்டுமென்றே பால்கனி வெயிலில் வைத்து முகர்ந்து பாருங்கள், வாழ்நாள் முழுக்க மறக்காது.

முறையாகப் படிக்க விரும்பினால் கனடாவிலேயே ப்ருதோம் என்ற பியர் படிப்பு இருக்கிறது; 1650இல் மாண்ட்ரியலில் காய்ச்சிய லூயி ப்ருதோமின் பெயர் அது. ஆனால் மேலே சொன்ன ஐந்தாறு வாசனைகளை வீட்டில் பழகினாலே விமர்சனம் எழுதத் தொடங்கலாம்.

ஒரே பியர், வேறு டேங்க்

காண்ட்ராக்ட் கம்பெனிகள் ப்ரூவரி மாறுவது சகஜம். மாறினால் பியர் மாறுமா? மாறலாம். டொராண்டோ ப்ரூவரிக்கு ஒன்டாரியோ ஏரித் தண்ணீர். குவெல்ஃபில் நிலத்தடி நீர், மிகவும் கடினமானது. வான்கூவரில் மலை நீர், மென்மையானது. தண்ணீரை உப்பு சேர்த்தோ வடிகட்டியோ சரிசெய்ய முடியும், ஆனால் யார் எவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்கள் என்பது வேறு. ஈஸ்ட் இன்னும் முக்கியம். பல ப்ரூவரிகள் ஒரே ஈஸ்டை எல்லா வாடிக்கையாளருக்கும் போட விரும்பும், அதனால் ஒரு டேங்க் வீட்டில் பிறந்த வெவ்வேறு கம்பெனிப் பியர்களில் ஒரே குடும்பச் சாயல் தெரியும். கொதிகலன் பெரிதானால் ஹாப்ஸின் கசப்பு இறங்கும் அளவும் மாறும். பழைய செய்முறையை அப்படியே பெருக்கினால் அதே கசப்பு வராது.

மாறிவிட்டது என்று எழுதுவதற்கு முன் முக்கோணச் சோதனை செய்யுங்கள். மூன்று ஒரே மாதிரி டம்ளர். இரண்டில் ஒரு பியர், ஒன்றில் மற்றது. எது எதில் என்று ஊற்றுகிறவருக்கு மட்டும் தெரியும். என் வீட்டில் மனைவி ஊற்றுவாள், டம்ளருக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அறையை விட்டுப் போய்விடுவாள். நிறம் காட்டிக்கொடுக்காதபடி விளக்கை மங்கலாக்கிவிடுவோம். வித்தியாசமான ஒன்றை நான் கண்டுபிடிக்க வேண்டும். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும். அதனால் ஆறு முறை செய்கிறேன், வாய்க்கு ஒரு மடக்கு மட்டும். ஆறில் நான்கு சரியாக வருவது ஊகத்திலேயே பத்துக்கு ஒரு முறை நடக்கும், அதை நம்ப மாட்டேன். ஐந்து சரியாக வர ஊகத்தில் ஐம்பதுக்கு ஒரு வாய்ப்புகூட இல்லை. ஐந்து வந்தால் "மாறியிருக்கிறது" என்று எழுதுவேன். இரண்டு கேனின் வயதும் நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ப்ரூவரியை அல்ல, பழமையைத்தான் ருசிக்கிறீர்கள்.

பழக்கமான ஒரு பிரவுன் ஏல் இடம் மாறியபோது அது கெட்டுவிட்டது என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சோதனையில் ஆறில் இரண்டுதான் எனக்குச் சரியாக வந்தது. இடம் மாறிய செய்திதான் எங்கள் நாக்கை மாற்றியிருந்தது.

எழுதுவது

ஆரம்பத்தில் நான் பில்ஸ்னர் என்ற லாகர் வகைப் பியர் ஒன்றைப் பற்றிக் கடுமையாக எழுதினேன். வெண்ணெய் வாசனை, வழுவழுப்பு, இதை வாங்காதீர்கள் என்று. சில நாளில் அந்தக் கம்பெனிக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. கோபமே இல்லை. புது ப்ரூவரியில் காய்ச்சிய முதல் பேட்ச் அதுவாக இருக்கலாம், கேன் எண்ணைச் சொல்ல முடியுமா, கடைகளில் மீதி இருந்தால் எடுத்துவிடுகிறோம் என்று கேட்டிருந்தார். என்னிடம் எண் இல்லை. கேனைத் தூக்கிப் போட்டிருந்தேன். அடுத்த பேட்ச் வாங்கிக் குடித்தபோது அருமையான, மொறுமொறுப்பான பில்ஸ்னர். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, விமர்சனத்தைத் திருத்தி எழுதினேன். இரண்டு கேன் வாங்கச் சொன்ன காரணம் இதுதான்: ஒரு கேனில் குறை இருந்தால், வேறு தேதிக் கேனைப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காண்ட்ராக்ட் பியருக்கும் இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன். செய்முறைக்கு ஒன்று, இந்தக் கேனுக்கு ஒன்று. ஹாப்ஸ் தேர்வு, இனிப்புக்கும் கசப்புக்கும் உள்ள பொருத்தம், யோசனையின் புதுமை எல்லாம் செய்முறைக்கு. அது லேபிளில் இருப்பவரின் கணக்கு. முதிர்ச்சி, சுத்தம், வாயு அளவு, காற்று புகாமல் அடைத்தது எல்லாம் கேனுக்கு. அது டேங்க் வைத்திருப்பவரின் கணக்கு. கடையில் பழசானது யார் கணக்கிலும் வராது, அதைத் தனி வரியில் சொல்லிவிடுவேன். பியர் நடுவர்களின் பிஜேசிபி முறையில் 50 மதிப்பெண்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த உணர்வுக்கு 10. போட்டிக்கு அது நல்ல முறை. எனக்குப் பத்துக்கு இரண்டு எண் போதும்.

என் நோட்டிலிருந்து ஒரு குறிப்பை அப்படியே தருகிறேன், பெயரை மட்டும் விட்டுவிட்டு:

"அமெரிக்கன் பேல் ஏல், 5.2 சதவீதம், 473 மில்லி. ப்ரூட் ஃபார் என்று இருக்கிறது. எட்டோபிகோவில் காய்ச்சியது, கம்பெனி மின்னஞ்சலில் உறுதி செய்தது. அடைத்து 33 நாள். எல்சிபிஓ, குளிர் அறை. செம்பு நிறம், லேசான மங்கல், நுரை கடைசி வரை டம்ளரில் ஒட்டியிருந்தது. முகர்ந்ததும் பம்பளிமாஸ் தோல், பின்னால் பைன் பிசின், சூடு ஏறியதும் ரஸ்க். நடுவில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், கசப்பு தாமதமாக வந்து நீளமாக நிற்கிறது. இருபது நிமிடத்துக்குப் பிறகு மிக மெல்லிய பச்சை ஆப்பிள். அடைத்து 21 நாளான இன்னொரு கேனில் அது இல்லை. செய்முறை 8, இந்தக் கேன் 6. இரண்டாவது கேன் 8."

இவ்வளவும் இருந்தால் படிப்பவர் தன் கடையில் நிற்கும் கேன் எந்தப் பக்கம் சாயும் என்று தானே கணிக்கலாம். கம்பெனிக்காரருக்கும் பயன்படும். உவமைகளை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினைந்து பழங்களின் பெயர் இருக்கும் விமர்சனத்தை நான் பாதியில் விட்டுவிடுகிறேன். "நன்றாக இருக்கிறது" என்று எழுதவும் தயங்காதீர்கள், ஏன் என்று அடுத்த வரியில் சொன்னால் போதும்.

குறையை வெளியிடுவதற்கு முன் கேன் எண்ணோடு கம்பெனிக்கு எழுதுங்கள். அனுமதி கேட்பதற்காக இல்லை, அந்தப் பேட்சைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கு அந்த எண் வேண்டும் என்பதற்காக. ப்ரூவரியிடம் பேச்சு நடத்தவும் அதுதான் அவர்களுக்கு ஆதாரம். சொந்த டேங்க் இல்லாத சின்னக் கம்பெனிக்கு, பெரிய ப்ரூவரியிடம் "இந்தப் பேட்ச் சரியில்லை" என்று சொல்ல வெளியாளின் கவனமான குறிப்பு ஒன்று பெரிய பலம்.

ஒன்டாரியோவில் காலிக் கேனைத் திருப்பிக் கொடுத்தால் பத்து சென்ட் கிடைக்கும். நான் சமையலறை மூலையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். விமர்சனம் வெளியாகி ஒரு மாதம் ஆகும்வரை கேன்கள் அதில்தான் இருக்கும். பிறகு அடிப்பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை படம் எடுத்துச் சரிபார்த்துவிட்டு, சனிக்கிழமை பியர் ஸ்டோருக்கு எடுத்துப் போவேன்.